ஆல்டேருக்கு முன்னும் பின்னும்: கார்டு செருகும் கணினிகளின் தொடக்க வரலாறு

ஒரு சட்டகத்துக்குள் தேவைக்கேற்பக் கார்டுகளைச் செருகி வளர்த்துக்கொள்ளும் கணினி 1975-இல் வந்த ஆல்டேர் 8800-இல்தான் தொடங்கியதா, அதற்கு முன்பே அப்படிப்பட்ட கணினிகள் இருந்தனவா என்பது கேள்வி. முன்பே இருந்தன. மின்னணுக் கணினி பிறந்த காலத்திலிருந்தே அதைக் கழற்றி மாட்டத்தக்க கூறுகளாகப் பிரிக்கும் வழக்கமும் இருந்துவருகிறது. ஆனால் எதற்காகப் பிரித்தார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் பழுதுபார்ப்பதற்காகப் பிரித்தார்கள். பிறகு உற்பத்தியை எளிதாக்கப் பிரித்தார்கள். வாங்கியவர் தன் விருப்பப்படி விரிவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் பிறகுதான் வந்தது. ஒருவர் செய்த பெட்டிக்குள் இன்னொருவர் செய்த கார்டு போய் உட்காரலாம் என்ற நிலை கடைசியாக உருவானது. இந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்த்தால்தான் ஆல்டேருக்கு வரலாற்றில் உரிய இடம் எது என்பது விளங்கும்.

1946 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அத்தனை குழல்கள் உள்ள இயந்திரத்தில் ஏதாவது ஒன்று அடிக்கடி பழுதாகும் என்பதை அதைக் கட்டியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். எனவே எண்களைத் தேக்கிக் கூட்டும் 20 அக்யுமுலேட்டர்களிலும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் உரிய எண்ணிச் சுற்றைத் தனி அலகாக அமைத்து, இழுத்தெடுத்து மாற்றும்படி வைத்தார்கள். 1948-இல் ஐபிஎம் வெளியிட்ட 604 என்ற கணக்கிடும் பொறியில் ரால்ஃப் பாமரின் குழு இந்த எண்ணத்தை இன்னும் சிறிய அளவுக்குக் கொண்டுசென்றது. ஒரு குழலும் அதற்குரிய மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்து கைக்கு அடக்கமான ஒரே செருகு அலகாயின. பழுதான அலகைப் பிடுங்கி நல்லதைச் செருகிவிட்டால் வாடிக்கையாளரின் வேலை தொடரும். பழுதானதைப் பிறகு மேசையில் வைத்து நிதானமாகச் சோதிக்கலாம். பழுதுபார்ப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதே இங்கு நோக்கம். புதிய திறன் ஒன்றைக் கணினிக்குச் சேர்ப்பது யார் நினைவிலும் இல்லை.

டிரான்சிஸ்டர் வந்ததும் கணக்கு மாறியது. 1950-களின் இறுதியில் ஐபிஎம் 'ஸ்டாண்டர்ட் மாடுலர் சிஸ்டம்' என்ற பெயரில் சிறு அச்சுச்சுற்றுக் கார்டுகளை வகுத்து, 1959-இல் வந்த 1401, 7090 போன்ற கணினிகளை அவற்றால் கட்டியது. ஒவ்வொரு கார்டிலும் 16 தொடுமுனைகள். அதில் ஒன்றிரண்டு தர்க்கச் சுற்றுகள். சில வகைக் கார்டுகளை மட்டும் பெருமளவில் தயாரித்து எல்லாக் கணினிகளுக்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் திட்டம். நடைமுறையில் ஒவ்வொரு கணினிக்கும் சிறப்புத் தேவைகள் எழ, கார்டு வகைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. கூறுகளாகப் பிரித்துவிட்டால் மட்டும் பொதுமை தானாக வந்துவிடாது என்பதற்கு இது ஆரம்பத்திலேயே கிடைத்த நல்ல சான்று.

கூறுகளையே விற்பனைப் பொருளாக்கியது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக். கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் 1957-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேனார்டு ஊரில், பழைய கம்பளி ஆலை ஒன்றில் இடம் பிடித்து அதைத் தொடங்கினார்கள். முதலீடு செய்த நிறுவனம் கொடுத்தது 70,000 டாலர். கணினி செய்து லாபம் பார்ப்பது கடினம் என்று அந்த நாளில் முதலீட்டாளர்கள் கருதியதால், டெக் முதலில் கணினி எதையும் செய்யாமல் தர்க்கச் சுற்று அலகுகளை மட்டும் விற்றது. ஆய்வகத்துக்கான அலகின் முகப்பில் அதன் தர்க்கக் குறியீடு அச்சிட்டிருக்கும். செருகுமுனைக் கம்பிகளால் ஓர் அலகை இன்னோர் அலகோடு இணைத்து வேண்டிய சுற்றைக் கட்டிக்கொள்ளலாம். இதே சுற்றுகளை 19 அங்குல ரேக்கில் வரிசையாகப் பொருத்தும் வடிவிலும் விற்றார்கள். 1959 டிசம்பரில் காட்சிக்கு வைத்த பிடிபி-1 என்ற கணினி அந்த அலகுகளைக் கொண்டே கட்டப்பட்டது. அந்த வகையில், தான் கடையில் விற்ற செங்கல்லைக் கொண்டே வீடும் கட்டி விற்ற நிறுவனம் டெக்.

ஆனால் அந்த வீட்டில் எந்தச் செங்கல் எங்கே இருக்க வேண்டும் என்பது மாற்ற முடியாதது. 1965-இல் 18,000 டாலருக்கு வந்து பெருவெற்றி பெற்ற பிடிபி-8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'ஃபிளிப்-சிப்' என்று அழைக்கப்பட்ட சிறு கார்டுகள் வரிசை வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். அந்தக் கார்டு வரிசையைப் பின்புறமிருந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான சதுர ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் ஊசியிலும் மெல்லிய கம்பி பல சுற்று இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். ஊசியின் கூரிய விளிம்புகள் கம்பியில் அழுந்திக் காற்றுப் புகாத தொடர்பை ஏற்படுத்துவதால் ஈயப்பற்று தேவையில்லை. வயர்-ராப் எனப்படும் இந்த வேலையை டெக் தானியங்கிப் பொறிகளைக் கொண்டு செய்தது. விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கணினியின் உண்மையான வடிவமைப்பு இருந்தது கார்டுகளில் அல்ல, பின்புறக் கம்பிகளில்தான். இன்ன ஸ்லாட்டில் (செருகும் இடத்தில்) இன்ன கார்டு என்பதை அந்தக் கம்பிகள் தீர்மானித்தன. கார்டை இடம் மாற்றிச் செருகினால் கணினி வேலை செய்யாது. கார்டு கெட்டுப்போகவும் கூடும். துணைக்கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அதற்கென்று தனியாகக் கம்பி போட்ட இன்னொரு சட்டகம் வேண்டும்.

இந்தக் கட்டை உடைத்தது பஸ் என்ற கருத்து. இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் என்று நான் கருதுவதும் அதைத்தான். எல்லா ஸ்லாட்டுகளுக்கும் ஒரே கம்பித் தொகுதியை நேராக ஓட்டிவிட்டால், எந்த ஸ்லாட்டில் செருகினாலும் கார்டுக்குக் கிடைக்கும் சமிக்ஞைகள் ஒன்றே. அப்போது ஒரு கார்டை அடையாளம் காட்டுவது அது இருக்கும் இடம் அல்ல, அதற்குக் கொடுத்த முகவரி. 1970-இல் டெக் வெளியிட்ட பிடிபி-11/20 கணினியின் யுனிபஸ் இதை முழுமையாகச் செய்துகாட்டியது. அதில் 56 சமிக்ஞைக் கம்பிகள்: 16 தரவுக்கு, 18 முகவரிக்கு, மற்றவை கட்டுப்பாட்டுக்கு. நினைவகமும் துணைக்கருவிகளும் அதே பஸ்ஸில், அதே முகவரி வெளியில் இருந்தன. முகவரி வெளியின் உச்சியில் 8 கிலோபைட் பகுதியைத் துணைக்கருவிகளின் பதிவகங்களுக்கு (கட்டளையையும் தரவையும் தாங்கும் சிற்றிடங்களுக்கு) ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே அச்சுப்பொறிக்கு ஓர் எழுத்தை அனுப்பத் தனிக் கட்டளை தேவைப்படவில்லை. நினைவகத்தில் எழுதும் அதே கட்டளை போதும். புதிதாக ஒரு கருவியைக் கண்டுபிடித்தால் அதற்காகச் செயலியைத் திருத்த வேண்டியதில்லை என்பது இதன் நேரடி விளைவு.

யுனிபஸ்ஸின் இன்னொரு நற்பண்பு, அதில் பொதுவான கடிகாரத் துடிப்பு இல்லை என்பது. கேட்பவர் ஒரு சமிக்ஞை தருவார். பதில் சொல்பவர் தயாரானதும் மறுசமிக்ஞை தருவார். அதன்பிறகே அடுத்த வேலை. மெதுவான காந்த வளைய நினைவகமும் வேகமான குறைக்கடத்தி நினைவகமும் ஒரே சட்டகத்தில் அருகருகே இருந்து, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் இயங்க முடிந்தது இதனால்தான். யுனிபஸ் கொண்ட கணினிகள் நீண்ட காலம் புழக்கத்தில் இருந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

ஸ்லாட்டுகள் எல்லாம் சமம் என்ற கொள்கைக்கு யுனிபஸ்ஸில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அன்று இந்தக் கணினிகளைப் பராமரித்தவர்களுக்கு மிகவும் பழக்கமான விதிவிலக்கு. பஸ்ஸைப் பயன்படுத்த அனுமதி கேட்கும் கம்பி எல்லோருக்கும் பொது. ஆனால் அனுமதி தரும் சமிக்ஞை ஒவ்வொரு கார்டின் வழியாகவும் அடுத்த கார்டுக்குக் கடத்தப்படும். செயலிக்கு அருகில் இருப்பவருக்கு முன்னுரிமை. தனக்குத் தேவையில்லை என்றால் அவர் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அதற்கு அப்பால் உள்ள கருவிகள் கேட்டுக்கொண்டே இருக்கும், அனுமதி வராது. இதற்காகவே காலி ஸ்லாட்டில் செருகுவதற்கென்று, சில தடங்கள் மட்டும் கொண்ட விரலளவுக் கார்டு ஒன்றை டெக் கொடுத்தது. செயலியின் வழியாக அல்லாமல் நினைவகத்தை நேரடியாக அணுகும் கார்டாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு: அந்த ஸ்லாட்டின் பின்புறம் இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு வயர்-ராப் கம்பியை எடுத்துவிட வேண்டும்; கார்டைக் கழற்றும்போது கம்பியை மறுபடி சுற்றியாக வேண்டும்.

அதே 1970-இல் வந்த பிடிபி-8/ஈ-யின் ஆம்னிபஸ்ஸில் செயலியே சில கார்டுகளாகப் பிரிந்து, நினைவகக் கார்டுகளும் துணைக்கருவிக் கார்டுகளும் செருகப்படும் அதே பேக்பிளேனில், அதாவது ஸ்லாட்டுகள் வரிசையாகப் பொருத்திய பின்பலகையில், உட்கார்ந்தது. மேசைமேல் வைக்கத்தக்க பெட்டி, பொதுவான மின்வழங்கி, ஒரே மாதிரியான ஸ்லாட்டுகள், செயலியும் ஒரு கார்டு என்ற ஆல்டேரின் அமைப்பு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கிடைத்துவிட்டது.

கணினித் தொழிலுக்கு வெளியேயும் ஒரு கிளை வளர்ந்தது. கணினி வரலாறுகள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அணு இயற்பியல் ஆய்வகங்களில் ஒவ்வொரு சோதனைக்கும் கருவிகளைப் புதிதாகச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்ததால், 1964-இல் அமெரிக்காவில் நிம் என்ற தரநிலை வகுக்கப்பட்டது. சட்டகத்தின் அளவும் மின்னழுத்தங்களும் பொது. ஆனால் அலகுகளுக்கிடையே தரவு போகும் பொதுப்பாதை கிடையாது, முகப்பில் கேபிள் போட்டு இணைக்க வேண்டும். இன்றைய பிளேடு சர்வர் சட்டகங்கள் பலவும், சற்று யோசித்தால், பஸ் கொண்ட கணினிகளைவிட இந்த நிம் பெட்டிக்குத்தான் நெருக்கமானவை: மின்சாரத்தையும் குளிர்விப்பையும் பகிர்ந்துகொள்ளும் தன்னிறைவான அலகுகள், ஒன்றோடொன்று வலையமைப்பு வழியாகப் பேசிக்கொள்கின்றன.

ஐரோப்பிய ஆய்வகங்களின் எசோன் குழு 1969-இல் வெளியிட்ட கேமாக் என்ற தரநிலை ஒரு படி மேலே சென்றது. ஒரு சட்டகத்தில் 25 இடங்கள். ஒவ்வொன்றிலும் 86 தொடுமுனைகள். படிக்க 24 கம்பிகளும் எழுத 24 கம்பிகளும் தனித்தனியே. எந்த இடத்து அலகோடு பேச வேண்டும் என்பதற்கும், அந்த அலகு கவனத்தை ஈர்ப்பதற்கும் கட்டுப்பாட்டு அலகிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கம்பி ஓடியது. எந்த நிறுவனத்தின் கணினியையும் சாராமல் இந்தத் தரநிலை வெளியிடப்பட்டிருந்தது. கணினியை மாற்றினால் கட்டுப்பாட்டு அலகை மாற்றினால் போதும். மற்ற அலகுகள் அப்படியே இருக்கலாம். யார் வேண்டுமானாலும் அலகு செய்து விற்கலாம் என்ற திறந்த ஏற்பாட்டை, சந்தையில் தற்செயலாக ஆல்டேர் அடைவதற்கு முன்பே, விஞ்ஞானிகள் திட்டமிட்டு அடைந்துவிட்டார்கள்.

இனி ஆல்டேர். நியூ மெக்ஸிகோவின் ஆல்புகெர்க்கியில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் நிறுவனம் செய்த இந்தக் கணினி 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் 1975 ஜனவரி அட்டையில் வந்தது. இன்டெல் 8080 செயலி, 256 பைட் நினைவகம். உதிரிபாகங்களாக வாங்கினால் 397 டாலர். முதல் மாதிரியில் கார்டுகளை அடுக்கி, 100 கம்பிகள் கொண்ட நாடாக் கேபிளால் இணைத்திருந்தார்கள். விற்பனைக்கு வந்த வடிவத்தில் 100 முனை ஓர இணைப்பான்கள் பொருத்திய பேக்பிளேன் வந்தது. மிட்ஸுக்கு அந்த இணைப்பான்கள் மலிவாகக் கிடைத்தன என்பதே 100 என்ற எண்ணுக்குக் காரணம். சமிக்ஞைகளை எந்த முனையில் வைப்பது என்பதும் ஆழ்ந்த திட்டமிடலால் வந்ததல்ல, கார்டை வரைந்தபோது வசதிப்பட்டபடி அமைந்தது. முதல் முனையில் 8 வோல்ட் இருக்க, அதை ஒட்டிய இரண்டாம் முனையில் 16 வோல்ட் இருந்தது. மின்சாரம் ஓடும்போது கார்டைக் கோணலாக இழுத்தால் இரண்டும் தொட்டுக்கொண்டு சில்லுகள் எரிந்துபோகும் ஆபத்து எப்போதும் இருந்தது.

அந்த மின்வழங்கல் ஏற்பாட்டை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. சில்லுகளுக்குத் தேவையானது சீரான 5 வோல்ட். பெட்டியின் மின்வழங்கியோ சீர்ப்படுத்தாத 8 வோல்ட்டைப் பஸ்ஸில் விட்டுவிடும். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் 7805 போன்ற மூன்றுகால் சீராக்கி ஒன்று, கறுப்பு அலுமினிய வெப்பத்தகட்டோடு திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். மிஞ்சும் 3 வோல்ட் வெப்பமாக வீணாகும், பெட்டி சூடாகும், விசிறி இரையும். ஆனாலும் இது பயனுள்ள ஏற்பாடு. கார்டுகளைக் கூட்டக் கூட்டப் பஸ்ஸில் மின்னழுத்தம் சற்றுத் தளர்ந்தாலும் கார்டுக்குள் 5 வோல்ட் மாறாது. ஒரு கார்டின் இரைச்சல் அடுத்த கார்டுக்கு எளிதில் பரவாது. பெரிய 5 வோல்ட் மின்வழங்கி விலையுயர்ந்ததாக இருந்த காலத்தில், விரிவாக்கத்துக்கான செலவை விரிவாக்குபவரே கார்டுக்குக் கார்டு ஏற்றுக்கொண்டார்.

பிறரை இந்தப் பெட்டிக்குள் அழைத்துவந்தது மிட்ஸின் குறைபாடுதான். அவர்கள் விற்ற 4 கிலோபைட் டைனமிக் (தரவை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய) நினைவகக் கார்டு நம்பகமாக இயங்கவில்லை. கலிஃபோர்னியாவில் பாப் மார்ஷின் புராசஸர் டெக்னாலஜி நிறுவனம் அதே ஸ்லாட்டில் செருகும், அப்படிப் புதுப்பிக்கத் தேவையில்லாத ஸ்டாட்டிக் நினைவகக் கார்டைச் செய்து விற்றது, வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். ராபர்ட்ஸ் அப்படிப்பட்ட நிறுவனங்களை ஒட்டுண்ணிகள் என்று எழுதும் அளவுக்குச் சினமடைந்தார். அவருடைய சினம் புரிகிறது. ஆனால் அந்தக் கார்டுகள் இல்லாவிட்டால் ஆல்டேர் இவ்வளவு காலம் பேசப்பட்டிருக்காது என்பதே என் கருத்து. 1975 இறுதியில் இம்சாய் 8080 என்ற கணினி, வலுவான மின்வழங்கியோடும் 22 ஸ்லாட்டுகளுக்கு இடம் தரும் பேக்பிளேனோடும் அதே பஸ்ஸைப் பயன்படுத்தி வந்ததும், பஸ் மிட்ஸின் கையை விட்டுப் போய்விட்டது. போட்டி நிறுவனத்தின் கணினிப் பெயரைத் தன் பொருளில் 'ஆல்டேர் பஸ்' என்று அச்சிட யாருக்கும் மனமில்லை. 1976 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கணினி மாநாட்டுக்கு விமானத்தில் போகும்போது குரோமெம்கோ நிறுவனத்தின் ஹாரி கார்லண்டும் ரோஜர் மெலனும் எஸ்-100 என்ற பொதுப்பெயரை வகுத்து, உடன் பயணித்த மார்ஷிடமும் கணினி வடிவமைப்பாளர் லீ ஃபெல்சன்ஸ்டைனிடமும் சொன்னார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

வன்பொருளில் வந்த இந்தப் பன்மை மென்பொருளையும் மாற்றியது. ஒவ்வொருவர் பெட்டியிலும் வேறு வேறு வட்டுக் கட்டுப்பாட்டுக் கார்டு இருந்தால், ஓர் இயங்குதளத்தை எத்தனை முறை திருத்தி எழுதுவது? இம்சாய்க்காக சிபி/எம் என்ற தன் இயங்குதளத்தைப் பொருத்தும் வேலை வந்தபோது கேரி கில்டால் வன்பொருளைச் சார்ந்த நிரல்களை மட்டும் தனியே பிரித்து அதற்கு பயாஸ் என்று பெயரிட்டார். புதிய கார்டுக்கு அந்தச் சிறு பகுதியை எழுதினால் போதும். மேலே உள்ளது எதுவும் மாறாது. சட்டகத்தில் கார்டுகள் பிரிந்தது போலவே நிரலிலும் பிரிவு வந்தது. இன்னொரு தொடர்பும் உண்டு: சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் எஸ்-100 சட்டகத்துக்காக 8086 செயலிக் கார்டு செய்தது. அதற்கேற்ற இயங்குதளம் கிடைக்கத் தாமதமானதால், அங்கே பணியாற்றிய டிம் பேட்டர்சன் 1980-இல் தாமே ஒன்றை எழுதினார். 1981-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அப்படி உருவான எம்எஸ்-டாஸ் இயங்குதளம் வளர்ந்தது எஸ்-100 பெட்டி ஒன்றுக்குள்தான்.

எஸ்-100-இன் அடிப்படைக் குறை, அது 8080 செயலியின் கால்களிலிருந்து வரும் சமிக்ஞைகளை ஏறத்தாழ அப்படியே பஸ்ஸில் விட்டிருந்தது. இசட்-80 செயலிக் கார்டு செய்தவர்கள் 8080 தருவது போன்ற சமிக்ஞைகளைப் போலியாக உருவாக்கித் தர வேண்டியிருந்தது. பயன்படுத்தாமல் விட்ட முனைகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எடுத்துக்கொண்டதால், தனித்தனியே நன்றாக இயங்கும் இரண்டு கார்டுகள் ஒரே பெட்டியில் ஒத்துப்போகாமல் சண்டையிட்டன. 1983-இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ வகுத்த ஐஇஇஇ-696 என்ற தரநிலை இதையெல்லாம் சீராக்கி, முகவரிக் கம்பிகளை 24 ஆக உயர்த்தி, தனித்தனியாக இருந்த இரு 8 பிட் தரவுப் பாதைகளைச் சேர்த்து 16 பிட் பாதையாகப் பயன்படுத்தவும் வழிசெய்தது. ஆனால் அது வந்தபோது சந்தை வேறு பக்கம் திரும்பியிருந்தது.

1977-இல் வந்த ஆப்பிள் 2-இல் 8 ஸ்லாட்டுகளும், 1981-இல் வந்த ஐபிஎம் பிசி-யில் 5 ஸ்லாட்டுகளும் இருந்தன. இரண்டிலும் செயலி மதர்போர்டில் நிலையாகப் போய் உட்கார்ந்துவிட்டது. ஸ்லாட் என்பது துணைக்கருவிகளுக்கான வாசல் மட்டுமே ஆயிற்று. செயலியைக் கழற்றிவிட்டு வேறு குடும்பத்துச் செயலிக் கார்டைச் செருகும் சுதந்திரம் வீட்டுக் கணினியில் அத்தோடு பெரும்பாலும் முடிந்தது. மலிவுக்காகச் செய்த மாற்றம் அது. மலிவு வரவே செய்தது. பிசி-யின் சுற்று வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் ஐபிஎம் கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்ததால், கார்டு செய்யும் தொழில் எஸ்-100 காலத்தைவிடப் பல மடங்கு பெருகியது.

பழைய முழுச் சுதந்திரம் தொழிற்சாலைகளிலும் ஆய்வகங்களிலும் தொடர்ந்தது. மோட்டரோலா, மாஸ்டெக், சிக்னெட்டிக்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து 1981-இல் அறிவித்த விஎம்இ பஸ், மோட்டரோலாவின் வெர்சாபஸ்ஸை யூரோகார்டு என்ற ஐரோப்பியக் கார்டு வடிவத்துக்குள் கொண்டுவந்தது. கார்டின் ஓரத்தையே தொடுமுனையாக்கும் பழைய வழக்கத்தை விட்டு, 96 ஊசிகள் துளைகளுக்குள் போய் அமரும் இணைப்பானைப் பயன்படுத்தியதால் அதிர்வையும் தூசியையும் நன்றாகத் தாங்கியது. செயலி மறுபடியும் ஒரு கார்டாயிற்று. ஒரே பெட்டியில் பல செயலிக் கார்டுகளும் இருக்க முடிந்தது. பொதுக் கடிகாரம் இல்லாமல் கேட்டலும் பதிலுமாக இயங்கும் யுனிபஸ்ஸின் முறையும் அதில் இருந்தது. 1987-இல் அது ஐஇஇஇ-1014 தரநிலையாயிற்று. கேமாக் சட்டகங்கள் இருந்த துகள் இயற்பியல் ஆய்வகங்கள் பலவற்றில் விஎம்இ சட்டகங்கள் வந்து சேர்ந்தன. அனுமதிச் சமிக்ஞை அதிலும் கார்டிலிருந்து கார்டுக்கே கடத்தப்பட்டதால், தொடக்ககால விஎம்இ பெட்டிகளில் ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடும் பொறியாளர் அதன் பின்புறம் ஜம்பர்களை (சிறு இணைப்புத் துண்டுகளை) பொருத்த மறக்கக் கூடாது.